இங்கிலாந்து மோர்மன் குடும்பங்கள் உட்டாவுக்குப் போனது ஏமாந்துதானா?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மோர்மன் மதத்தைத் தழுவிய நெசவாளர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் பண்ணையாட்களும் பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து, அதற்கு மேலும் ஆயிரம் மைல் புல்வெளியும் மலையும் தாண்டி, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உட்டாவின் வறண்ட பள்ளத்தாக்கில் குடியேறியது மிஷனரிகளின் பேச்சில் ஏமாந்ததாலா என்பது முதல் கேள்வி. போன இடத்தில் குடும்ப வாழ்க்கை, குறிப்பாகப் பலதார மணத்துக்கு நடுவே பெண்களின் வாழ்க்கை, எப்படி இருந்தது என்பது இரண்டாவது. இந்தக் குடியேற்றம் எப்போது நின்றது என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கப்பலேறிய நாளில் அந்த மனிதர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதையே கேட்பவர் உண்மையில் அறிய விரும்புகிறார் என்று எனக்குப் படுகிறது. புலம்பெயர்வு வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்தப் பயணிகளின் நாட்குறிப்புகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையிலும் என் முடிவைச் சொல்கிறேன்: பல விஷயங்களில் அவர்களுக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தெரிந்திருந்தது, மிக முக்கியமான ஒரு விஷயத்தில், 1852 வரை, அவர்களிடம் உண்மை மறைக்கப்பட்டது.

தொடக்கம் உறுதியாகத் தெரிந்தது. ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவிய மோர்மன் சபை, ஏழே ஆண்டுகளில் தன் முதல் மிஷனரிக் குழுவை இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஹீபர் கிம்பால் தலைமையில் 1837 ஜூலையில் லிவர்பூலில் இறங்கிய அவர்கள் நேராகப் போனது நெசவாலைகள் நிறைந்த பிரெஸ்டன் நகரத்துக்கு. அந்த மாத இறுதியிலேயே ரிபிள் ஆற்றில் முதல் திருமுழுக்குகள் நடந்தன. மூன்றாண்டுகள் கழித்து வில்ஃபர்ட் உட்ரஃப் என்ற மிஷனரி ஹெரிஃபர்ட்ஷயர் கிராமப்புறத்துக்குப் போனபோது, மெதடிஸ்டு சபையிலிருந்து பிரிந்து தனியாக வழிபட்டுவந்த ஒரு குழு, ஏறத்தாழ 600 பேர், சிலரைத் தவிர முழுவதுமாக அவர் பக்கம் வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, மதம் மாறியவர்கள் மதமே அறியாதவர்கள் அல்லர் என்பது. பெரும்பாலோர் பைபிளைக் கரைத்துக் குடித்தவர்கள். இருந்த சபைகளில் மன நிறைவு இல்லாமல், அப்போஸ்தலர் காலத்துச் சபை மீண்டும் வராதா என்று ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தவர்கள். வாடகை கட்டியவர்களுக்கு ஆலயத்தில் முன்வரிசை இருக்கை ஒதுக்கப்பட்ட காலத்தில், சம்பளம் வாங்காத போதகர்கள் வாடகைக் கூடங்களிலும் களஞ்சியங்களிலும் எளிய பேச்சில் பிரசங்கித்தது அவர்களை ஈர்த்தது.

மதம் மாறுவதும் நாடு மாறுவதும் இவர்களுக்கு ஒரே முடிவின் இரண்டு பாதிகள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. உலகத்தின் முடிவு நெருங்கிவிட்டது, தேவனுடைய மக்கள் சீயோன் என்ற புனித நகரில் ஒன்றுகூட வேண்டும் என்பது அப்போது சபையின் மையப் போதனை. 1840 ஜூனில் 41 பேர் கொண்ட முதல் குழு லிவர்பூலிலிருந்து கப்பலேறியது. அப்போது சீயோன் என்பது இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரம். 1844இல் ஜோசப் ஸ்மித் சிறையில் இருந்தபோது கும்பலால் கொல்லப்பட்டு, 1846இல் நாவூவைக் கைவிட நேர்ந்து, 1847இல் ஸ்மித்துக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகம் யங்கோடு உட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த பிறகு சீயோன் அங்கே மாறியது. 1850களின் தொடக்கத்தில் உட்டாவில் இருந்ததைவிட பிரிட்டனில்தான் மோர்மன்கள் அதிகம், 30,000 பேருக்கு மேல். நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டனிலிருந்து மட்டும் சுமார் 50,000 பேர் போயிருக்கிறார்கள். நாற்பதுகளின் பஞ்சமும் வேலையின்மையும் இதில் பங்கு வகித்தன என்பதை யாரும் மறுப்பதில்லை. எவ்வளவு பங்கு என்பதில்தான் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. என் வாசிப்பில் வறுமையும் விசுவாசமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வறுமையிலிருந்து தப்பிக்க மட்டும் நினைத்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவின் கிழக்குக் கரையோ கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது, அங்கே கூலியும் கூடுதல்.

பயணம் கண்ணைக் கட்டிக்கொண்டு போன பயணம் அன்று. லிவர்பூலில் சபைக்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. கப்பல்களை மொத்தமாக அமர்த்தி, பயணிகளைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவரை நியமித்து, சமையல் முறை, தளம் கழுவும் முறை, காலை மாலை வழிபாடு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்கள். குடியேறிகளின் கப்பல்கள் பற்றி 1854இல் விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டறிய லிவர்பூல் மோர்மன் தலைவரையே சாட்சியத்துக்கு அழைத்தது. 1849இல் சால்ட் லேக்கில் தொடங்கப்பட்ட நிலையான குடியேற்ற நிதி ஏழைகளுக்குக் கடனாகப் பயணச் செலவு தந்தது. 1853இல் லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை ஆளுக்கு 10 பவுண்டு என்று ஒரு திட்டமே இருந்தது. 1855 வரை பெரும்பாலும் நியூ ஆர்லியன்ஸ் வழியாகப் போனார்கள். மிசிசிப்பி நதிப் படகுகளில் காலரா பலரை வாரிக்கொண்டு போனதால் அதன்பின் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா துறைமுகங்களுக்கு மாற்றினார்கள். இதெல்லாம் சபையின் பத்திரிகையில் வெளிப்படையாக அச்சானது. கடலில் குழந்தைகள் சாகிறார்கள், சமவெளியில் பெரியவர்களும் சாகிறார்கள் என்பது அதைப் படித்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஜீன் ரியோ பேக்கர் 1810இல் லண்டனில் பிறந்தவர், வசதியானவர், ஒரு பொறியாளரின் மனைவி. 1849இல் மதம் மாறினார். அதே ஆண்டில் கணவர் இறந்துபோனார். 1851 ஜனவரியில், நாற்பது வயதில், ஏழு பிள்ளைகளோடும் உறவினர்களோடும் கப்பலேறினார். பணமில்லாத சிலருடைய பயணச் செலவையும் ஏற்றுக்கொண்டார். நான்கு வயது மகன் ஜோசையா பிப்ரவரியில் கடலிலேயே இறந்தான், கடலிலேயே அடக்கம். நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் லூயிஸ், பிறகு எருது பூட்டிய கூண்டு வண்டிகள் என்று ஒன்பது மாதம் ஓடி, செப்டம்பர் இறுதியில் சால்ட் லேக் வந்து சேர்ந்தார். லண்டனிலிருந்து அவர் கொண்டுவந்த பியானோதான் உட்டாவுக்கு வந்த முதல் பியானோ என்ற பேச்சு பரவலாக உண்டு. அதைக் குடும்ப மரபாக மட்டுமே கொள்வது நல்லது. ஆனால் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நாட்குறிப்பு அப்படியல்ல, அந்தந்த நாளில் எழுதப்பட்ட முதல்தரச் சான்று. அதில் ஏமாந்தவளின் புலம்பல் இல்லை. மரங்களையும் பூக்களையும் நதிக்கரை நகரங்களையும் அங்கே கண்ட அடிமை முறையையும் கூர்ந்து பார்க்கும் ஒரு பெண் இருக்கிறார்.

உட்டாவின் ஆக்டனில் அவர் வாங்கிய 20 ஏக்கர் நிலம் உவர் நிலமாக அமைந்தது. விதைத்த விதை முளைக்காமலே கருகியது. பணிப்பெண்களை வைத்து வாழ்ந்தவர் மரக்கட்டைக் குடிசையில் இருந்துகொண்டு, துணி தைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டார். 1869இல், வந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய ஒரு பதிவில், தெய்வ வெளிப்பாடு என்று நம்பி வந்தது கையில் பிடித்ததும் உடைந்த குமிழியாகிவிட்டது என்றும், இந்தப் பாடம் மனிதர் பேச்சைவிடக் கடவுளையே நம்பக் கற்றுத்தந்தது என்றும் எழுதுகிறார். பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே கலிபோர்னியா போயிருந்தார்கள், அவரும் போனார். ஒரு மகன் உட்டாவிலேயே மோர்மனாகத் தங்கிவிட்டார். ஒரே குடும்பத்தில், ஒரே பயணத்தில் வந்தவர்களில், இரண்டு முடிவுகள். மிஷனரிகள் ஏமாற்றினார்களா என்ற கேள்விக்கு இந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒருமித்த பதில் கிடைக்காது.

இனி அந்த மறைக்கப்பட்ட விஷயம். பலதார மணத்தை ஜோசப் ஸ்மித் நாவூவிலேயே இரகசியமாகத் தொடங்கிவிட்டார் என்பதில் இன்று ஐயமில்லை, சபையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் வெளியே அது எதிரிகளின் அவதூறு என்றே சொல்லப்பட்டது. 1850இல் பிரான்சின் பூலோன் நகரில் ஆங்கிலேயப் போதகர்களோடு நடந்த பொது விவாதத்தில், பின்னாளில் சபைத் தலைவரான ஜான் டெய்லர், ஒருதார மணமே தங்கள் கொள்கை என்று சபை வெளியீட்டை வாசித்துக் காட்டி மறுத்தார். அப்போதே அவருக்குப் பல மனைவியர் இருந்தனர். அந்த விவாதம் அச்சிடப்பட்டு இங்கிலாந்து விசுவாசிகளிடம் பரவியது. 1852 ஆகஸ்டில்தான் சால்ட் லேக்கில் கொள்கை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. 1853 ஜனவரியில் பிரிட்டனில் அச்சில் வந்தது. ஆகவே ஜீன் ரியோவைப் போல 1851இல் கப்பலேறியவர்களிடம், வாழ்க்கையின் மிக நெருக்கமான ஒரு விஷயத்தில், பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள் தெரிந்தே உண்மையை மறைத்தார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்குப் பின் போனவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தெரிந்தே போனார்கள். பிரிட்டனில் உறுப்பினர் எண்ணிக்கை அதன்பின் சரிந்தது உண்மை. அந்தச் சரிவில் பலதார மணத்தின் பங்கு எவ்வளவு, ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போனதன் பங்கு எவ்வளவு என்பது வாதத்துக்குரியது. நம் ஊர் வாசகர்களுக்காக இடையில் ஒன்று: 1853இல் ரிச்சர்டு பாலன்டைன் என்ற மோர்மன் மிஷனரி சென்னைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கினார், அவரும் பலதார மணத்துக்கு விளக்கம் சொல்லிச் சிறு நூல் அச்சிட வேண்டியிருந்தது. திருமுழுக்கு பெற்றவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள்.

ஏமாற்றம் என்று பேசும்போது பலரும் கைவண்டிப் பயணத்தைத்தான் சுட்டுவார்கள். குடியேற்ற நிதி வற்றியதால், 1856 முதல் மாட்டுவண்டிக்குப் பதில் குடும்பமே இழுத்துச் செல்லும் கைவண்டிகளில் வரலாம் என்று பிரிகம் யங் அறிவித்தார். செலவு ஆளுக்கு 9 பவுண்டாகக் குறைந்தது, ஒருவர் கொண்டுவரும் சுமை 17 பவுண்டு எடையோடு நின்றது. 1860 வரை பத்துக் குழுக்களில் சுமார் 3,000 பேர் இப்படி வந்தார்கள். எட்டுக் குழுக்கள் பெரிய அழிவில்லாமல் வந்து சேர்ந்தன. 1856இன் கடைசி இரண்டு குழுக்கள், வில்லி, மார்ட்டின் என்ற தலைவர்களின் பெயரால் அறியப்படுபவை, ஜூலை பிற்பாதியில்தான் அயோவா நகரத்தை விட்டுக் கிளம்பின. வண்டிகள் பச்சை மரத்தில் அவசரமாகச் செய்யப்பட்டவை. வழியில் லீவை சாவேஜ் என்ற அனுபவசாலி, இந்தப் பருவத்தில் முதியவர்களோடும் குழந்தைகளோடும் மலையேறக் கூடாது என்று எச்சரித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை, பிறகு அவர்களோடேயே நடந்தார். அக்டோபரில் வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. பிரிகம் யங் செய்தி கேட்ட மறுநாளே மீட்பு வண்டிகளுக்கு ஆள் திரட்டியும் 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சரியான எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் மாறும். 200க்குக் குறையாது என்பது உறுதி.

மார்ட்டின் குழுவில் லோடர் குடும்பம் இருந்தது. ஜேம்ஸ் லோடர் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஓர் எஸ்டேட்டில் தோட்டக்காரர். கைவண்டி வேண்டாம் என்று மகள் பேஷன்ஸ் நியூயார்க்கிலிருந்து எழுதிய கடிதத்துக்கு, இன்னும் லிவர்பூலில் இருந்த மருமகன் ஜான் ஜாக்ஸ் கடுமையாகப் பதில் எழுத, அது சபைப் பத்திரிகையிலேயே அச்சானது. விசுவாசத்தில் தளர்ந்தவன் என்று ஊரறியச் சொல்லப்பட்ட முதியவர், தன்னை அப்படி நினைக்க விடமாட்டேன் என்று வண்டியை இழுத்து, செப்டம்பர் இறுதியில் நெப்ராஸ்காவில் வழியோரம் இறந்தார். பதில் எழுதிய ஜாக்ஸும் அதே குழுவில்தான் வந்தார். அவருடைய மூத்த மகள் ஃப்ளோரா நவம்பரில் இறந்தாள். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இங்கே ஒருவர் இன்னொருவரை ஏமாற்றியதாகச் சொல்ல முடியவில்லை. தான் நம்பியதற்காக மாமனாரைத் தெருவில் நிறுத்தியவர், அதே நம்பிக்கைக்குத் தன் குழந்தையையும் கொடுத்தார். குற்றம் சொல்ல வேண்டுமென்றால், பருவம் தவறிய குழுக்களைத் தடுக்காமல் அனுப்பிவைத்த பொறுப்பாளர்களைத்தான் சொல்ல வேண்டும்; அவர்களுக்குப் பாதையும் தெரியும், பனியும் தெரியும்.

பேஷன்ஸ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில், குளிரில் எழ மறுத்துப் படுத்திருந்த பெண்களைக் கிளப்பத் தாய் ஆமி பாடி ஆடிக் காட்டியதும், அவர் வேண்டுமென்றே கீழே விழ, அடிபட்டதோ என்று பதறி எல்லோரும் எழுந்ததும் வருகிறது. அது பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது என்பதால், பேச்சின் சொற்களை அப்படியே நம்பாமல், நடந்ததன் சாரத்தை மட்டும் ஏற்கிறேன். பேஷன்ஸ் உட்டாவில் ஹங்கேரியில் பிறந்த ஓர் அமெரிக்கப் படைவீரரை மணந்தார்; 1866இல் விதவையானார்; விடுதி நடத்தியும் சுரங்க முகாமில் சமைத்தும் பிள்ளைகளை வளர்த்தார்; கடைசிவரை மோர்மனாகவே இருந்தார்.

எல்லைப்புறக் குடும்ப வாழ்க்கையின் அன்றாடத்தைப் பற்றிச் சான்றுகள் ஏராளம். முதல் குளிர்காலத்தை வண்டிக்கூண்டிலோ மண்மேட்டைக் குடைந்த குழிவீட்டிலோ கழிப்பார்கள். பிறகு வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல் வீடு. மழையை நம்பி விதைக்க முடியாத நிலம். மலை ஓடைகளைத் திருப்பி, வாய்க்கால் வெட்டி, உழைத்த அளவுக்குத் தண்ணீர் முறை பெற்றார்கள். இதை நம் கிராமத்து மனிதர் உடனே புரிந்துகொள்வார், லங்காஷயர் நெசவாளருக்கோ எல்லாம் புதிது. 1855இல் வெட்டுக்கிளி, அடுத்துக் கடுங்குளிர் என்று இரண்டாண்டுகள் பலர் காட்டுக் கிழங்கு தின்று பிழைத்தார்கள். கையில் வைத்திருந்த தொழிலுக்கு அங்கே பெரும்பாலும் வேலையில்லை. தெற்கே சீடர் நகரத்தில் ஆங்கிலேய, வேல்ஸ் தொழிலாளர்களை வைத்து 1851இல் தொடங்கிய இரும்பாலைகூட 1858இல் மூடப்பட்டது. இத்தனைக்கும் நடுவே, ஓரளவு நிலைபெற்ற குடும்பத்தின் தலைவனை இரண்டு மூன்று ஆண்டுகள் மிஷனரியாகப் போகச் சொல்லியோ, தெற்குப் பாலைவனத்தில் பருத்தி பயிரிடக் குடும்பத்தோடு போகச் சொல்லியோ மேலிடத்திலிருந்து அழைப்பு வரும். கணவன் இல்லாத காலத்தில் உழவு, கால்நடை, வெண்ணெய், நூற்பு, பிரசவம் எல்லாம் மனைவியின் தலையில். ஒருதார மணக் குடும்பத்திலும் இதே நிலைதான்.

பலதார மணத்தைப் பொறுத்தவரை, எல்லா வீட்டிலும் அது இருந்தது என்பதும் தவறு, ஒரு சில தலைவர்களோடு நின்றது என்பதும் தவறு. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியது. 1857ஐ ஒட்டி உச்சத்தில் இருந்து பிறகு குறைந்தது. தந்தையோ உறவோ இல்லாமல் தனியாக வந்த ஏழைக் குடியேறிப் பெண்கள் இரண்டாம் மூன்றாம் மனைவியாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஊர்ப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து தனியே வந்த பெண்ணைப் பற்றிக் கேட்பவருக்கு இது முக்கியம். சிலர் சக மனைவியரைச் சகோதரிகளாக எழுதியிருக்கிறார்கள், சிலர் கசப்போடு எழுதியிருக்கிறார்கள்; எழுதாதவர்கள்தான் அதிகம். பிரிகம் யங் தன் காலத்தில் 1,600க்கு மேற்பட்ட விவாகரத்துகளை அனுமதித்தார் என்ற ஒரு தகவல், இந்த மணங்களில் எத்தனை தாங்கவில்லை என்பதையும், வெளியேற ஒரு கதவு திறந்திருந்தது என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது. அதே உட்டாவில் பெண்கள் 1870இலேயே வாக்குரிமை பெற்றார்கள். 1887இல் அமெரிக்கக் காங்கிரஸ் பலதார மணத்துக்கு எதிரான சட்டத்தின் ஒரு பகுதியாக அதைப் பறித்தது.

கேள்வியில் இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று: அந்தப் பள்ளத்தாக்குகள் வெற்று நிலம் அல்ல. யூட், ஷோஷோனி, பயூட் மக்கள் மீன்பிடித்தும் விதை சேகரித்தும் வாழ்ந்த நீர்க்கரைகளில்தான் இங்கிலாந்துக் குடும்பங்களின் வேலிகள் எழுந்தன. பசியும் நோயும் மோதலும் அம்மக்களைச் சிதைத்தன. குடியேறிகளின் நாட்குறிப்புகளில் அவர்கள் பெரும்பாலும் வாசலில் ரொட்டி கேட்டு நிற்பவர்களாக மட்டுமே வருகிறார்கள். ஏன் கேட்க நேர்ந்தது என்று எழுதியவர்கள் குறைவு.

மூன்றாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. 1869 மே மாதத்தில் கண்டம் கடக்கும் ரயில்பாதை உட்டாவில் இணைந்ததோடு கூண்டு வண்டிப் பயணம் முடிந்தது; மாதக்கணக்கில் ஆன தூரம் சில நாட்களாயிற்று. குடியேற்ற நிதியில் வாங்கிய கடனைப் பெரும்பாலோர் கட்டி முடிக்கவே இல்லை. சபையின் ஐம்பதாம் ஆண்டான 1880இல், ஏழைகளை மனத்தில் வைத்து, நிலுவையில் பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. 1887இன் சட்டம் அந்த நிதி நிறுவனத்தையே கலைத்தது. 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஹெரிஃபர்ட்ஷயரில் பிரசங்கித்த அதே மனிதர், இனிப் பலதார மணத்தை விட்டுவிட அறிவுறுத்தினார். அந்தப் பத்தாண்டிலிருந்தே மதம் மாறியவர்கள் உட்டாவுக்கு வர வேண்டாம், சொந்த நாட்டிலேயே தங்கிச் சபையைக் கட்டலாம் என்ற அறிவுரையும் போகத் தொடங்கியது. அதன்பிறகும் தனித்தனியாகப் பலர் போனார்கள், ஆனால் கப்பலையே அமர்த்திக்கொண்டு ஊர் ஊராகத் திரண்டு போன காலம் அதோடு முடிந்தது.